கொல்லையில் வரும் பறவையைப் படமெடுக்க: கேமராவில் எதை, எவ்வளவு வைப்பது

கேமரா வாங்கிய கையோடு மெனுவைத் திறந்து உட்கார்ந்தால் ஒரு வாரம் ஓடிவிடும். ஒரு குருவிப் படம்கூடத் தேறாது. பறவைப் படத்துக்கு முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பறவை இப்போது என்ன செய்கிறது? உட்கார்ந்திருக்கிறதா, தத்துகிறதா, பறக்கிறதா? அதற்கேற்ற ஷட்டர் வேகத்தை, அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை, நீங்கள் வையுங்கள். மற்றதில் பாதியைக் கேமரா பார்த்துக்கொள்ளும். மீதியை ஒருமுறை சரிசெய்து வைத்துவிட்டால் மறந்துவிடலாம்.

இதற்காகப் புதுச்சேரிப் பக்கத்து ஊசுடு ஏரிக்கோ பாகூர் ஏரிக்கோ போக வேண்டியதில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி லாஸ்பேட்டையிலோ வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை, ஒரு வேம்பு, மதிலோரம் இரண்டு செம்பருத்தி இருந்தால் போதும். தேன்சிட்டு, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, மைனா, செம்போத்து, வால்காக்கை எல்லாம் முறை வைத்து வந்து போகும். தெருக் கம்பத்து ஒயரில் கரிச்சானும் பஞ்சுருட்டானும் இருக்கும். மரமே இல்லாத வீடு என்றால் மொட்டை மாடி இருக்கிறது. காக்கை வராத மொட்டை மாடி கிடையாது.

லென்ஸ் விஷயத்தில், கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் 55-250 அல்லது 70-300 மி.மீ ஜூம் ஆரம்பத்துக்குத் தாராளம் (எண் பெரிதானால் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்). 18-55 மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் அதில் குயிலை எடுக்க முயன்று மனம் வெறுத்துப் போகாதீர்கள். சோறு வைத்தால் பக்கத்தில் வந்து உட்காரும் காக்கை போதும்.

முதலில் வெயில் எந்தப் பக்கம்

நம் ஊரில் கிழக்கே கடல். மறைக்க மலை எதுவும் இல்லாததால் சூரியன் எழுந்த கொஞ்ச நேரத்திலேயே வெயில் நேராக வந்து விழும். அப்படி விழும் முதல் இரண்டு மணி நேரம்தான் பறவைப் படத்துக்கான நேரம். ஒன்பது மணிக்கு மேல் வெயில் உச்சியை நோக்கி ஏறிவிடும். பறவையின் முதுகு வெளுத்து, வயிறு கருத்து, கண் நிழலில் மறைந்துபோகும். சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் நமக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும் நாள்கள் உண்டு. அந்த மாதங்களில் நண்பகலில் கேமராவை எடுக்காமல் இருப்பதே நல்லது. சூடேறிய மொட்டை மாடித் தளத்துக்கு மேலே காற்று நெளியும். தூரத்துப் பறவையை அதன் வழியாக எடுத்தால் எந்த செட்டிங் வைத்தாலும் படம் கூர்மையாக வராது.

கேமரா இல்லாமல் ஒரு நாள் காலையில் போய் நின்று பாருங்கள். வெயில் எந்த மரத்தில் முதலில் படுகிறது, பறவை எந்தக் கொம்பில் திரும்பத் திரும்ப உட்காருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கொல்லை வீட்டுக்கு மேற்கே இருந்தால் வீட்டு நிழலே அதை வெகுநேரம் மூடிவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு மாலை நான்கு மணிக்கு மேல்தான் நல்ல வெளிச்சம். எந்த நேரமானாலும் வெயில் உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள்.

தேன்சிட்டுக்கு இது இன்னும் முக்கியம். ஆண் ஊதாத் தேன்சிட்டின் பளபளப்பு சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. வெயில் சரியான கோணத்தில் பட்டால் ஊதாவும் நீலமும் மின்னும். நிழலில் அதே பறவை வெறும் கறுப்புதான். கேமராவில் நிறத்தைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. நீங்கள்தான் இரண்டடி நகர வேண்டும்.

ஒருமுறை வைத்துவிட்டு மறக்க வேண்டியவை

டயலை ஷட்டர் முன்னுரிமைக்குத் திருப்புங்கள். நிக்கான், சோனியில் 'எஸ்' என்று இருக்கும்; கேனானில் 'டிவி'. பறவைக்கு அப்பர்ச்சர் (லென்ஸ் திறக்கும் அளவு) முன்னுரிமைதான் சரி என்று சொல்பவர்கள் நிறைய. பழகிய கைக்கு அது சரி. புதியவருக்கு ஷட்டர் முன்னுரிமையே நல்லது, ஏனென்றால் விரலுக்கு அடியில் இருக்கும் சக்கரத்தைச் சுழற்றினால் மாறுவது நமக்கு வேண்டிய அந்த ஒரே எண்தான். அப்பர்ச்சரைக் கேமராவே தேர்ந்தெடுக்கும். வெளிச்சம் குறைந்தால் லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்துகொள்ளும். இந்த ஜூம்களில் அது எஃப் 5.6 அல்லது 6.3 (எண் சின்னதானால் திறப்பு பெரிது). நமக்கும் பெரும்பாலும் அதுவே வேண்டும்.

ஐஎஸ்ஓவை, அதாவது கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற எண்ணை, ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பு மட்டும் வையுங்கள். பழைய தொடக்கநிலை கேமரா என்றால் 3200, கடந்த சில வருடங்களில் வந்தது என்றால் 6400. சிறிய சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள, லென்ஸைக் கழற்ற முடியாத சூப்பர் ஜூம் கேமராக்களில் 800.

ஃபோகஸ், தொடர்ந்து பின்தொடரும் வகையில் இருக்கட்டும். நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி, கேனானில் செர்வோ. குருவி ஒரு நொடிகூட ஒரே தூரத்தில் நிற்காது. ஒருமுறை பிடித்து நிறுத்தும் ஃபோகஸில் நீங்கள் பொத்தானை அழுத்தி முடிப்பதற்குள் அது தலையை முன்னால் நீட்டியிருக்கும்.

தொடர் படம் எடுக்கும் வசதியைப் போட்டுவையுங்கள். அதற்காக விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. கார்டு நிறையும், அதைவிடப் பெரிய தொல்லை, ராத்திரி உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் பார்த்துக் கழிப்பது. மூன்று நான்கு படமாக விட்டு விட்டு அழுத்துங்கள்.

படக் கோப்பு ராவும் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) ஜேபெக்கும் (வழக்கமான படக் கோப்பு) சேர்ந்தே இருக்கட்டும். இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்ப ஜேபெக். வெளிச்சத் தவறுகளைத் திருத்தக் கற்றுக்கொண்ட பிறகு திரும்பிப் போய் எடுக்க ரா.

ஷட்டர் வேகம்: இங்கேதான் நேரம் செலவழியுங்கள்

ஷட்டர் இரண்டு அசைவுகளை நிறுத்த வேண்டியிருக்கிறது. ஒன்று உங்கள் கையின் நடுக்கம், மற்றொன்று பறவையின் அசைவு.

கை நடுக்கத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: லென்ஸ் எத்தனை மி.மீட்டரோ, ஷட்டர் குறைந்தபட்சம் அத்தனையில் ஒரு பங்கு நொடி. தொடக்கநிலைக் கேமராக்களில் சென்சார் சிறியது என்பதால் நிக்கான், சோனி என்றால் 1.5 ஆலும், கேனான் என்றால் 1.6 ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். கேனானில் 250 மி.மீ வைத்தால் 400 வரும்; ஆகவே 1/400. லென்ஸில் அதிர்வைத் தணிக்கும் வசதி இருந்தால் இதற்குக் கீழேயும் போகலாம். ஆனால் அந்த வசதி உங்கள் கையைத்தான் நிறுத்தும், தேன்சிட்டை நிறுத்தாது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

பறவை அசைவுக்கு இப்படி ஆரம்பியுங்கள். கொம்பில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குயில், செம்போத்து, புள்ளி ஆந்தைக்கு 1/500 போதும். வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும் வண்ணாத்திக்குருவி, தரையில் தத்திக் கிளறும் தவிட்டுக்குருவிக் கூட்டம், வாழைப்பூவில் தலைகீழாகத் தொங்கும் தேன்சிட்டு ஆகியவற்றுக்கு 1/1000. தையல்சிட்டு சின்னதாக இருந்தாலும் ஓரிடத்தில் நிற்காது, அதற்கும் 1/1000 வேண்டும். பறக்கும் காக்கை, மைனாவுக்கு 1/2000. பூவின் முன்னால் சிறகடித்து நிற்கும் தேன்சிட்டின் இறக்கை தெளிவாக விழ வேண்டும் என்றால் 1/3200 வரை போக வேண்டும். நல்ல வெயிலில் மட்டுமே அது நடக்கும்.

இன்னொன்று, பிற்பகல் கடற்காற்று. கடலிலிருந்து காற்று எழும்பிய பிறகு முருங்கைக் கிளையும் தென்னங்கீற்றும் ஆட ஆரம்பிக்கும். பறவை சும்மா உட்கார்ந்திருந்தாலும் கிளையோடு சேர்ந்து ஆடுகிறது. காலையில் 1/500இல் தெளிவாக வந்த அதே கொண்டைக்குருவிக்கு மூன்று மணிக்கு 1/1000 வேண்டியிருக்கும்.

ஒயரில் உட்காரும் பஞ்சுருட்டானும் கரிச்சானும் புதியவருக்குக் கிடைத்த வரம். பூச்சியைப் பிடிக்கப் பாய்ந்துவிட்டுப் பெரும்பாலும் அதே இடத்துக்கே திரும்பி வரும். முதல் தடவை போகும்போது எடுக்க முயலாதீர்கள். அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஃபோகஸ் வைத்து, கொஞ்சம் ஜூமைக் குறைத்து, 1/2000 வைத்துக் காத்திருங்கள். திரும்பி வரும்போது இறக்கையை விரித்து வேகத்தைத் தணிக்கும். படம் அங்கே இருக்கிறது.

ஐஎஸ்ஓவுக்குப் பயப்படாதீர்கள்

எண்களில் பார்த்தால் இது புரியும். முழு வெயிலில் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400 என்றால் 1/3200 கிடைக்கும். அதே நேரம் வேப்பமரத்து நிழலுக்குள் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டால், அதே ஐஎஸ்ஓவில் 1/200தான். நமக்கு அங்கே 1/800 வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ 1600க்கு ஏறியே ஆக வேண்டும். நம் கண் இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்வதால் நிழல் அவ்வளவு இருட்டாகத் தெரிவதில்லை, கேமராவுக்குத் தெரியும்.

ஐஎஸ்ஓ கூடினால் நாய்ஸ், அதாவது படத்தில் புள்ளி புள்ளியாய்க் கரகரப்பு, வரும். வரட்டும். நாய்ஸைக் குறைக்கும் மென்பொருள்கள் இன்று நன்றாகவே வேலை செய்கின்றன; போனில் பார்க்கும் அளவுக்கு அது பாதி கண்ணிலேயே படாது. ஆடிப்போன படத்தை எந்த மென்பொருளும் முழுசாகச் சரிசெய்யாது. நாய்ஸுக்குப் பயந்து 1/125இல் எடுத்த தேன்சிட்டு, கூட்டு வைத்த பிறகு உப்பைத் தேடுவது போலத்தான். அந்த நேரம் போய்விட்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாள்களில் 3200ஐத் தாண்டுவது சாதாரணம்.

ஃபோகஸ் கண்ணில்

பறவையின் கண் தெளிவாக இருந்தால் வால் மங்கினாலும் யாரும் குறை சொல்வதில்லை. கண் மங்கினால் படம் போயிற்று. நான்கு மீட்டர் தூரத்தில் 250 மி.மீ, எஃப் 5.6 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 5 செ.மீதான். தேன்சிட்டுக்கு அது போதும். அரை மீட்டர் நீளமுள்ள செம்போத்து உங்களை நோக்கி உட்கார்ந்தால் அலகு முதல் வால் வரை ஒரே படத்தில் தெளிவாக வராது. பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருங்கள்.

புதிய மிரர்லெஸ் கேமராக்களில் பறவைக் கண்ணைத் தானாகப் பிடிக்கும் வசதி இருக்கிறது. இருந்தால் கூச்சப்படாமல் போட்டுவையுங்கள். இல்லாதவர்கள் எல்லாப் புள்ளிகளையும் கேமராவின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது. அது முன்னால் நிற்கும் இலையைத்தான் பிடிக்கும், முருங்கை இலை என்றால் கேட்கவே வேண்டாம். நடுவில் உள்ள ஒற்றைப் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து அதைக் கண்ணில் வையுங்கள். பறவை படத்தின் நடுவிலேயே வருகிறதே என்று கவலை வேண்டாம், பிறகு ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். திறந்த வானத்தில் பறப்பதற்கு மட்டும் புள்ளிகளை அகலப்படுத்துங்கள். அங்கே குறுக்கே வர இலை இல்லை.

காக்கையிடம் பழகுங்கள்

மதிலில் சோறு வைக்கும் வீடாக இருந்தால் உங்களைப் போல் கொடுத்துவைத்தவர் இல்லை. தினமும் ஒரே நேரத்துக்கு, ஒரே இடத்துக்கு, ஒரே வெளிச்சத்தில் மாடல் வந்து நிற்கிறது. வெளிச்சக் கணக்கைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை.

கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். காக்கை படம் முழுக்க நிறைந்தால், 'இருட்டாக இருக்கிறதே' என்று வெளிச்சத்தைக் கூட்டி அதன் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். அப்போது கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்தி -0.7 வையுங்கள். அதே காக்கை சின்னதாக, பின்னால் வெளுத்த வானத்தோடு நின்றால் நேர் எதிர்: கேமரா வானத்தைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கும், காக்கை வெறும் நிழலுருவாகிவிடும். அங்கே +1 அல்லது +1.3. காலை வெயில் காய மொட்டைக் கொம்பின் உச்சியில் உட்காரும் செம்மார்புக் குக்குறுவானுக்கும் இதே கணக்கு. பறவை கறுப்பா வெள்ளையா என்பதோடு, படத்தை எது நிறைத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

காலி மனையில் மாட்டின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கு வெயிலில் நின்றால், பின்னணி இருண்ட புல்லாக இருக்கும்போது வெள்ளை இறகு ஒரேயடியாக வெளுத்து, விவரமே இல்லாமல் போகும். -0.7இல் ஆரம்பித்து, எடுத்த படத்தைத் திரையில் பாருங்கள். அளவுக்கு மீறி வெளுத்த இடம் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையை மெனுவில் போட்டு வைத்திருந்தால் எவ்வளவு குறைப்பது என்று அதுவே சொல்லிவிடும். வண்ணாத்திக்குருவியில் கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தே இருக்கின்றன. அதில் வெள்ளையைக் காப்பாற்றுங்கள், கறுப்பை ராவில் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம்.

பழைய தொடக்கநிலை மாடல்கள் சிலவற்றில் மேனுவலும் ஆட்டோ ஐஎஸ்ஓவும் சேர்ந்தால் இந்தக் கூட்டல் கழித்தல் வேலை செய்யாது. ஷட்டர் முன்னுரிமையில் நிற்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜன்னல், தண்ணீர்ச் சட்டி, பக்கத்து வீடு

ஜன்னலுக்குப் பின்னால் நின்று எடுப்பது நல்ல உத்தி. அறை விளக்கை அணைத்து, திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டால் பறவை உங்களைக் கவனிக்காது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே லென்ஸை ஒட்டி வைத்தால் கம்பி படத்தில் தெரியாது. கொசுவலை அடித்திருந்தால் படம் பால் கலந்த மாதிரி மங்கும். அந்த ஒரு ஜன்னலில் வலையைக் கழற்றிவிடுவது உத்தமம்.

வெயில் காலத்தில் அகலமான மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். இரண்டு விரற்கடை ஆழம் போதும்; நடுவில் ஒரு கல் போட்டால் சின்னக் குருவியும் வரும். பூனை பதுங்கும் புதரிலிருந்து தள்ளி இருக்கட்டும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். டெங்கு கொசுவுக்குத் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். சட்டிக்கும் பின்சுவருக்கும் இடையே எவ்வளவு தூரம் விடுகிறீர்களோ அவ்வளவு பின்னணி மென்மையாகும்; இதற்காக எஃப் 2.8 லென்ஸ் வாங்கக் கடன் வாங்க வேண்டாம், சட்டியை மூன்று மீட்டர் முன்னால் நகர்த்துங்கள். குளிக்கும் பறவை தெறிக்கும் துளிகளுக்கு 1/1600.

பக்கத்து வீட்டு மொட்டை மாடிப் பக்கம் லென்ஸ் திரும்பும் இடம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடுத்த படத்தை அந்த வீட்டு அக்காவிடம் ஒருமுறை காட்டினால், மறுநாள் அவரே கூப்பிட்டு, "தம்பி, எங்க மாதுளையில ஒண்ணு வந்து உக்காருது, வந்து பாரு" என்பார்.

சூப்பர் ஜூமும் போனும்

நிக்கான் பி950, பி1000 போன்றவற்றில் டயலிலேயே பறவைக்கென்று ஒரு நிலை உண்டு. ஆரம்பத்தில் அதையே பயன்படுத்துங்கள். ஜூமை முழுக்க இழுத்துவிட்டுக் கையால் பிடிக்காமல் மதில் மேல் ஒரு தலையணை வைத்து அதில் சாய்த்துப் பிடியுங்கள். முழு நீள ஜூமில் லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் வெகுவாகக் குறையும். அதனால் பாதி ஜூமில் எடுத்து வெட்டுவது பல சமயம் மேல். போனில் தனி டெலிபோட்டோ (தூரத்தைக் கிட்டே காட்டும்) லென்ஸ் இருந்தால் அதுவரை மட்டும் போங்கள். அதற்கு மேல் விரலால் இழுப்பது வெறும் பெரிதாக்கல்தான். என்ன பறவை என்று தெரிந்துகொள்ள அந்தப் படமும் உதவும். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு அழகான படம் வேண்டியதில்லை, அடையாளம் தெரிந்தால் போதும்.

ஏசி அறையும் உப்புக்காற்றும்

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் லென்ஸ் வியர்த்துவிடும். பையை மூடியபடியே வெளியில் அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு திறங்கள். பூஞ்சை வராமல் இருக்கக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசிப் பானை வேண்டாம், அரிசித் தூசு உள்ளே போகும்.

கூட்டைக் கண்டால்

கொண்டைக்குருவி தொட்டிச் செடியிலேயே கூடு கட்டும். படத்துக்கு மறைக்கிறதென்று ஓர் இலையைக்கூட ஒதுக்காதீர்கள். இலை நீங்கினால் காக்கைக்கும் செம்போத்துக்கும் நீங்களே வழி காட்டியதாகும், குஞ்சு மிஞ்சாது. ஆந்தைக்கு ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று அது தன் வேலையை விட்டு அலையும்.

படம் சரியில்லை என்றால்

கேமராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் நன்றாகத்தான் தெரியும். பெரிதாக்கிப் பாருங்கள். கொம்பும் பறவையும் சேர்ந்து ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. ஷட்டரை ஒரு படி ஏற்றுங்கள் அல்லது சுவரில் சாயுங்கள். கொம்பு தெளிவாக, பறவை மட்டும் இழுபட்டிருந்தால் அது அசைந்திருக்கிறது, ஷட்டர் வேகத்தை இரட்டிப்பாக்குங்கள். முன்னாலோ பின்னாலோ ஓர் இலை கச்சிதமாக விழுந்து பறவை மங்கியிருந்தால் ஷட்டரைத் தொட வேண்டாம், ஃபோகஸ் புள்ளிதான் தவறு. எல்லாமே லேசாக மங்கல், எதுவும் இழுபடவில்லை என்றால் லென்ஸைத் துடையுங்கள். நம் ஊர்க் காற்றில் உப்பு படிய வெகுநாள் ஆகாது.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு ஐப்பசி வாக்கில் ஆறுமணிக் குருவியை முயன்று பாருங்கள். குளிர்கால விருந்தாளி, விடியலிலும் அந்தியிலும் கூவும். சருகு கிடக்கும் நிழல் தரையில் இரை தேடும் என்பதால் அங்கே 1/1000க்கு வெளிச்சமே இருக்காது. 1/160க்கு இறக்குங்கள், ஐஎஸ்ஓ வரம்பை ஒரு படி கூட்டுங்கள், தரையில் உட்கார்ந்து முழங்காலில் கையை ஊன்றுங்கள். அது சருகைப் புரட்டிவிட்டுத் தலை நிமிர்ந்து நிற்கும் அந்தக் கணத்தில் மட்டும் அழுத்துங்கள்.